லூயி ஆண்ட்ரீசன்: கேட்டவர்களும் வாசித்தவர்களும் (அனுபவப் பகிர்வு)

டென் ஹாக்கிலிருந்து, இழையைத் தொடங்குபவர்

அனைவருக்கும் வணக்கம். டச்சு இசையமைப்பாளர் லூயி ஆண்ட்ரீசன் 2021 ஜூலை 1 அன்று வேஸ்ப் நகரில் காலமானார். வயது 82. அவர் இசையை நேரில் கேட்டவர்கள், வாசித்தவர்கள், அவர் பெயரோடு ஏதாவது ஒரு வகையில் உறவாடியவர்கள் இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். இந்த இசையைப் பற்றித் தமிழில் பேச எனக்கு ஆள் கிடைப்பது அரிது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ரீசனை ஹெட்போனில் கேட்டால் பாதிதான் கிடைக்கும். மேடையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அவர் எழுதிய இசையிலேயே அடக்கம். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

நான் முதலில் நேரில் கேட்டது ‘டி ஸ்டாட்’. ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில், தண்ணீரை ஒட்டி நிற்கிறதே, மியூசிக்கெபாவ், அந்த அரங்கில். மேடையைப் பார்த்ததுமே இது வழக்கமான ஆர்க்கெஸ்ட்ரா இல்லை என்று தெரிந்துவிட்டது. வயலின் ஒன்றுகூடக் கிடையாது. செல்லோவும் கிடையாது. தந்தி வாத்தியத்தில் வில் போடுகிறவர்கள் என்று பார்த்தால் வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது) வாசிப்பவர்கள் நான்கு பேர், அவ்வளவுதான். ஓபோ குடும்பத்தில் நான்கு பேர், ஹார்ன் நான்கு, டிரம்பெட் நான்கு, டிராம்போன் நான்கு. இரண்டு பியானோ, இரண்டு ஹார்ப், இரண்டு எலக்ட்ரிக் கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், நான்கு பெண் குரல்கள். அந்த ஒற்றை பேஸ் கிட்டாரைத் தவிர எதையும் இரண்டாக வகுத்து இடம், வலம் என்று உட்கார வைத்துவிடலாம். அந்தக் கணக்கு எதற்கு என்று கடைசியில்தான் புரிந்தது.

தொடக்கத்தில் ஓபோக்கள் மட்டும். ஒன்றை ஒன்று ஒட்டிய நான்கே ஸ்வரங்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகின்றன. பிறகு டிராம்போன்கள் உள்ளே வருகின்றன. அங்கிருந்து சுமார் அரை மணி நேரத்துக்கு மேல் விடாப்பிடியான ஓட்டம். பாடும் பெண்கள் குரலை நடுங்க விடுவதே இல்லை. ஓப்பராப் பாட்டு மாதிரி அலையடிக்காத, நேராகப் போகிற குரல். பாடுவது கிரேக்க மொழியில், பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் இசையைப் பற்றி வரும் பகுதிகளை. சோகமான இசை வகைகளும் மென்மையான இசை வகைகளும் நாட்டுக்கு ஆகாது, பல தந்தி கொண்ட வாத்தியங்கள் வேண்டாம், இசை முறையை மாற்றினால் அரசின் சட்டமே ஆட்டம் காணும் என்று பிளேட்டோ சொல்கிறார். வேண்டாம் என்று அவர் சொல்லும்போது மேடையில் இரண்டு ஹார்ப் இருக்கின்றன!

ஆண்ட்ரீசன் பிளேட்டோவோடு உடன்படவில்லை. ஆனால், புது இசை வந்தால் அரசு நடுங்கும் என்பது உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது. அதை அவரே எழுதியிருக்கிறார். அந்த ஏக்கமும் கோபமும் சேர்ந்துதான் அந்த இசை. கடைசிப் பகுதியில் மேடை உண்மையாகவே இரண்டாகப் பிரிகிறது. இடது பாதி வாசிப்பதை வலது பாதி துரத்துகிறது. ஒரு பக்கத்து டிரம்பெட்காரர் கருவியை இறக்கும்போது மறுபக்கத்துக்காரர் உயர்த்துகிறார். என் முன்வரிசையில் இருந்தவர் டென்னிஸ் ஆட்டம் பார்ப்பவர்போலத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் அரங்கம் எழுந்து நின்றது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அரசியல் பேசுகிற இசை பல கேட்டிருக்கிறேன். இதில் ஆட்களை உட்கார வைத்த விதமே அரசியலாக இருந்தது.

இது 1972இல் தொடங்கி 1976இல் முடித்த படைப்பு. 1976 நவம்பர் 28 அன்று ஆம்ஸ்டர்டாமில் அரங்கேறியது. அந்தப் பித்தளை வாத்தியங்களின் முழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் வீட்டுக்குள்தான் போய் நிற்க வேண்டும். அப்பா ஹென்ட்ரிக் ஆண்ட்ரீசன் உத்ரெக்ட் கத்தோலிக்கப் பேராலயத்தில் ஆர்கன் வாசித்தவர், பெயர்பெற்ற இசையமைப்பாளர், பிறகு டென் ஹாக் ராயல் கன்சர்வேட்டரியின் இயக்குநர். அண்ணன் யூரியான் இசையமைப்பாளர், அக்கா சேசிலியா இசையமைப்பாளர், சித்தப்பாவோ பெரியப்பாவோ, வில்லெம், பியானோ கலைஞர். கடைக்குட்டி லூயி, 1939 ஜூன் 6 அன்று உத்ரெக்ட்டில் பிறந்தவர். அண்ணன் அமெரிக்கா போய்த் திரும்பியபோது கொண்டுவந்த ஜாஸ் இசைத்தட்டுகள்தான் தம்பியைப் பிடித்துக்கொண்டன: கவுன்ட் பேசி, ஸ்டான் கென்டன். மிலானிலும் பெர்லினிலும் இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோவிடம் படித்த பிறகும் அந்தப் பெரிய ஜாஸ் குழுக்களின் (பிக் பேண்ட்) சத்தம் அவரை விடவில்லை.

உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

உத்ரெக்ட்டிலிருந்து

அண்ணா, நல்ல காரியம் செய்தீர்கள். நீங்கள் கேட்டதைச் சொன்னீர்கள், நான் வாசித்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் ஒரு அமெச்சூர் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறேன். வேலை முடிந்து வந்து, பள்ளிக்கூட ஹாலில் நாற்காலியை வட்டமாகப் போட்டு வாசிக்கிற கூட்டம். ஆசிரியை, குழாய் வேலை செய்பவர், ஓய்வுபெற்ற தபால்காரர், இப்படிக் கலவையான ஆட்கள். ஒரு பருவத்தில் ‘ஒர்க்கர்ஸ் யூனியன்’ எடுத்தோம். 1975இல் எழுதியது. எந்தக் குழுவுக்கு என்று போட்டிருக்கிறார் தெரியுமா? சத்தமாக ஒலிக்கக்கூடிய எந்த வாத்தியக் குழுவும் வாசிக்கலாம். அவ்வளவே நிபந்தனை.

நோட்ஸைக் கையில் வாங்கியதும் எங்கள் ஹாலில் சலசலப்பு. வழக்கமான ஐந்து கோடு இல்லை. ஒரே ஒரு கோடு. அந்தக் கோடு உங்கள் வாத்தியத்தின் நடு ஸ்தாயி என்று வைத்துக்கொள்ள வேண்டும். புள்ளி கோட்டுக்கு மேலே போனால் மேலே போங்கள், கீழே இறங்கினால் கீழே இறங்குங்கள். எந்த ஸ்வரம் என்று எழுதவில்லை, அதை நாமே தேர்ந்துகொள்ள வேண்டும். ஆனால் தாளம் மட்டும் அச்சுப் பிசகாமல் எழுதப்பட்டிருக்கிறது. எல்லாரும் ஒரே தாளத்தை, ஒரே நேரத்தில், ஒரே ஆளாக வாசிக்க வேண்டும்.

ஸ்வரத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்றால் இனிமையாக எதையாவது ஊதிவிட்டுப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். தெரிந்த ராகம், தெரிந்த ஸ்கேல் எதுவும் தலைகாட்டக் கூடாது, முரட்டுத்தனமாக ஒலிக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: ஒவ்வொருவரும் தன் பங்கு இல்லாமல் இது நடக்காது என்ற எண்ணத்தோடு வாசித்தால்தான் இது தேறும், அரசியல் வேலையும் அப்படித்தான் என்று.

முதல் ஒத்திகையில் அரைப் பக்கம் தாண்டவில்லை. தாளம் கோணல்மாணலாகப் போகிறது. நாலு வரும் என்று கால் தட்டும் இடத்தில் மூன்றே கால் வருகிறது. எங்களுக்கு இசை நடத்துநர் உண்டு, நல்ல மனிதர். அவர் என்ன செய்தார் என்றால், கையை மடக்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். ‘நான் கை காட்டினால் என்னைப் பார்ப்பீர்கள். ஒருவரை ஒருவர் பாருங்கள்’ என்றார். அன்று எங்களுக்கு அவர்மேல் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவர் சொன்னது சரி. அதன் பிறகு நாங்கள் பார்த்தது ஆட்களை. எனக்கு எதிரில் டிராம்போன் வாசிக்கும் அம்மா. அவர் மூச்சு எடுக்கும்போது தோள் ஒரு விரற்கடை மேலே ஏறும். அந்தத் தோள் ஏறினால் அடுத்த அடி விழப்போகிறது என்று அர்த்தம். என் நோட்ஸில் பெரிய இடைவெளிகள் வரும் இடங்களில் எல்லாம் பென்சிலால் ‘தோள்’ என்று தமிழில் எழுதி வைத்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் அது என்ன என்று கேட்டார், சொன்னேன். அடுத்த வாரம் அவர் தாளிலும் டச்சில் அதே குறிப்பு.

பதினைந்து இருபது நிமிடம் முழு மூச்சோடு ஊதுவது லேசு இல்லை. உதடு மரத்துப் போகும். கிளாரினெட்டில் கீழ் உதடு பல்லின்மேல் மடிந்து இருக்கும். ஒத்திகை முடிந்து வீட்டுக்குப் போய்க் காரமாகச் சாப்பிட முடியாது. ஆனால் ஒரு நாள் இடையில் எங்கேயோ, எனக்கு இடம் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, இருபது பேரும் ஒரே அடியாக விழுந்தோம். யாரும் யாரையும் பின்தொடரவில்லை. எல்லாரும் ஒரே சமயத்தில் அங்கே இருந்தோம். முடித்ததும் தபால்காரர் எழுந்து நின்று கத்தினார், சந்தோஷத்தில். கிளாசிக்கல் இசையில் எனக்கு இப்படி ஒரு அனுபவம் வேறு யாரும் தரவில்லை. தேர்ந்த கலைஞர்களும் இதை வாசிக்கிறார்கள், பிரமாதமாக. ஆனாலும் இது எங்களைப் போன்றவர்களுக்காக எழுதியது என்றே நம்புகிறேன்.

அந்தக் காலத்தில் அவரே தெருவில் இறங்கி வாசித்தவர். 1972இல் வில்லெம் பிராய்கர் என்ற சாக்ஸபோன் கலைஞரோடு சேர்ந்து ‘டி ஃபோல்ஹார்டிங்’ என்ற குழுவைத் தொடங்கினார். சாக்ஸபோன் மூன்று, டிரம்பெட் மூன்று, டிராம்போன் மூன்று, பியானோவில் ஆண்ட்ரீசன். ஜாஸ் வாசிப்பவர்களையும் கன்சர்வேட்டரியில் படித்தவர்களையும் ஒன்றாக நிற்க வைத்த குழு. போர் எதிர்ப்புக் கூட்டங்களிலும் ஊர்வலங்களிலும் வாசித்தார்கள். ‘ஒர்க்கர்ஸ் யூனியன்’ அவர்களுக்காகத்தான் எழுதப்பட்டது. அதில் வயலினுக்கு ஏன் இடம் தேட வேண்டியிருக்கிறது என்று இப்போது புரியும். திறந்தவெளியில் வயலின் யார் காதில் விழும்?

ஆம்ஸ்டர்டாமிலிருந்து

தம்பி, தங்கச்சி, ரெண்டு பேரும் எழுதினதை வாசிச்சன். நான் 80களின் கடைசியில இஞ்ச வந்தனான். எனக்கு உந்த இசை பெரிசாத் தெரியாது. ஆனால் ஒரு கதை இருக்கு, சொல்லத்தான் வேணும்.

எங்கட கட்டடத்தில கீழ் வீட்டில ஒரு டச்சு அம்மா இருந்தவ. எனக்கு டச்சு பேசப் பழக்கினதே அவதான். கொன்செர்ட்கெபாவில வருஷச் சந்தா கட்டி, மாசா மாசம் ஆர்க்கெஸ்ட்ரா கேக்கப் போற ஆள். 1969 நவம்பர் 17 அண்டைக்கும் அவ அந்த ஹோலில இருந்திருக்கிறா. பெர்னார்ட் ஹைட்டிங்க் நடத்த வந்து நிக்கிறார், வாசிக்கத் தொடங்கியாச்சு. திடீரெண்டு சபைக்குள்ள இருந்து கிளிக் கிளிக் எண்டு சத்தம். பிள்ளையள் விளையாடுற தகரத் தவளை, கிலுகிலுப்பை, ஹோர்ன். துண்டுப் பிரசுரம் பறக்குது. எழும்பி நிண்டு, ஆர்க்கெஸ்ட்ராவின்ர நிகழ்ச்சிக் கொள்கையைப் பற்றி வெளிப்படையா விவாதிக்க வேணும், புது இசைக்கு இடம் வேணும் எண்டு கேட்டினம். ஆண்ட்ரீசன், ரைன்பர்ட் டி லேயு, பேட்டர் ஸ்காட், மிஷா மெங்கல்பர்க், யான் ஃபான் ஃப்ளைமன், இவையள்தான் அந்தக் கூட்டம். பாக்குவெட்டிக்காரர் நடவடிக்கை எண்டு இண்டைக்கும் இஞ்ச பேசுவினம். அவையைப் பிடிச்சு வெளியால தள்ளினவை.

அந்த அம்மாவுக்கு அண்டைக்கு வந்த கோவம் நாற்பது வருஷமாத் தீரேல்ல. எனக்கு அந்தக் கதையைச் சொல்லேக்கையும் முகம் சிவக்கும். காசு குடுத்து இசை கேக்க வந்தனான், எனக்கு ஏன் தவளைச் சத்தம் எண்டு.

2013இல கொன்செர்ட்கெபாவ் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு 125 வயசு. அந்த விழா வருஷத்துக்கு ஒரு புதுப் படைப்பு வேணும் எண்டு ஆரிட்டக் கேட்டவை? ஆண்ட்ரீசனிட்டத்தான். பெரிய சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுத மாட்டன் எண்டு பல்லாண்டாத் தள்ளி நிண்ட மனுசன் ‘மிஸ்டேரியன்’ எண்டு ஒண்டு எழுதிக் குடுத்தார். மாரிஸ் யான்சன்ஸ் நடத்தினவர். அம்மாவுக்கு அப்ப தனியாப் போக ஏலாது, நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். தூயவராக வாழ்ந்த தோமஸ் கெம்பிஸ் எண்ட துறவியின்ர நூலை வைச்சு எழுதினது எண்டு நிகழ்ச்சித் தாளில இருந்தது. அமைதியான இடங்கள் கனக்க இருந்தது. தவளைச் சத்தம் போட்ட ஆள் எழுதினது எண்டு எனக்கு நம்பவே ஏலாமல் போச்சு.

முடிய அம்மா கை தட்டினவ. கொஞ்ச நேரம் தட்டிப்போட்டு என்னைப் பார்த்து, ‘அண்டைக்கு நான் கோவப்பட்டதும் சரி, அவங்கள் சத்தம் போட்டதும் சரி’ எண்டா. அவ இப்ப இல்லை. இதை எங்கயாவது எழுதி வைக்க வேணும் எண்டு கன நாளா இருந்தது.

நியூயார்க்கிலிருந்து

ஐயா எழுதியதைப் படித்த பிறகு என்னுடையது சின்ன விஷயம். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் ஆடு இருக்கிறது.

2016 மார்ச்சில் இங்கே பார்க் அவென்யூ ஆர்மரியில் ‘டி மாட்டேரி’ நடந்தது. ஹைனர் கோபல்ஸ் 2014இல் ஜெர்மனியின் ரூர்ட்ரியனாலே விழாவுக்காக மேடையேற்றியதை இங்கே கொண்டுவந்தார்கள். ஆர்மரி என்பது படைப் பயிற்சிக்குக் கட்டிய ராட்சத மண்டபம். ஆண்ட்ரீசன் இதை 1984 முதல் 1988 வரை எழுதினார். 1989இல் ஆம்ஸ்டர்டாமில் ராபர்ட் வில்சன் இயக்கத்தில் அரங்கேறியது. நான்கு பாகம். கதை என்று ஒன்று தொடர்ந்து வராது. டச்சு நாடு ஸ்பெயின் மன்னரை உதறித்தள்ளிய 1581ஆம் ஆண்டுப் பிரகடனம், கப்பல் கட்டும் குறிப்புகள், 13ஆம் நூற்றாண்டின் ஹாடெவைக் என்ற பெண் ஞானியின் இறைக்காட்சி, ஓவியர் மோந்திரியான், கடைசியில் மேரி கியூரி. ஜடப்பொருளுக்கும் ஆன்மாவுக்கும் என்ன உறவு என்பதுதான் நான்கையும் கட்டுகிற கயிறு.

தொடக்கமே ஒரே கார்ட் (பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிப்பது), 144 முறை. ஓங்கி ஓங்கி. நான் எண்ண ஆரம்பித்து எங்கேயோ விட்டுவிட்டேன். கப்பல் பட்டறையில் சம்மட்டி விழுகிறது என்பது பிறகு வரும் சொற்களிலிருந்து தெரிகிறது. மூன்றாம் பாகம் ‘டி ஸ்டைல்’ அதற்கு நேர்மாறு, கால் தானாக ஆடும். மோந்திரியானுக்கு நடனப் பித்து, பூகிவூகி என்ற துள்ளலான பியானோ இசை என்றால் உயிர். ஆண்ட்ரீசன் அவருடைய சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்கள் கொண்ட ஓவியம் ஒன்றின் அளவுகளை எடுத்து அதன்படியே இசையின் நீளங்களை வகுத்தார். அதற்குள் ஒரு பூகிவூகி பியானோவும் வந்து சேர்ந்துகொள்கிறது. கட்டுக்கோப்பும் கூத்தும் ஒரே இடத்தில் இருக்க முடியும் என்று இதைக் கேட்டுத்தான் நம்பினேன்.

நான்காம் பாகம் தொடங்கியது. மிக மெதுவாக இரண்டிரண்டாக விழும் கார்டுகள். மண்டபத்தின் ஆழத்திலிருந்து ஆடுகள் வந்தன. உண்மையான செம்மறி ஆடுகள், நூறு. மேலே ஒரு சிறிய ஆகாயக் கப்பல் மிதந்து வெளிச்சம் காட்டியது. யாரும் ஓட்டவில்லை, அவை தாமே கூட்டமாக நகர்ந்தன, நின்றன, மறுபடி நகர்ந்தன. ஒன்றிரண்டு கத்தின. மந்தையின் வாசம் எங்கள் வரிசைவரை வந்தது. பிறகு மேரி கியூரியாக வந்த பெண் பேசத் தொடங்கினார்: கணவர் இறந்த பிறகு எழுதிய நாட்குறிப்பு வரிகள், நோபல் உரையின் வரிகள். கதிரியக்கத்தைப் பற்றிப் பேசுகிற அதே வாய் கணவரின் உடலைப் பற்றியும் பேசுகிறது. ஆடு எதற்கு என்று இயக்குநர் விளக்கவும் இல்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் உயிரும் சதையுமாக நூறு ஜீவன்கள் கண்ணெதிரே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது பொருளும் ஆன்மாவும் என்று யாரும் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ராட்டர்டாமிலிருந்து

எல்லாரும் புகழ்கிறீர்கள், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எனக்கு அவருடைய எழுபதுகளின் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை. ‘டி ஸ்டாட்’ கேட்டுவிட்டு ரயிலில் வரும்போது காதில் இரைச்சல் நிற்கவில்லை. ஒலிபெருக்கி போட்டுத்தான் ஆக வேண்டுமா? சமத்துவத்தைச் சொல்ல வந்த இசை கேட்பவரைச் சுவரோடு அழுத்தி வைப்பது எனக்கு முரணாகப் படுகிறது. தவளைச் சத்தம் பற்றியும் அந்த அம்மாவின் முதல் கோபத்தின் பக்கம்தான் நான்.

ஆனால் ‘டி டைட்’ கேட்டிருக்கிறீர்களா? 1979இல் தொடங்கி 1981இல் முடித்தது. காலம் என்றால் என்ன என்று புனித அகுஸ்தீன் கேட்ட கேள்வியைப் பெண்கள் குழு லத்தீனில் பாடுகிறது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மணிகள் ஒலித்து ஓய்கின்றன. நாற்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ எதுவும் நடக்காது. அதே சமயம் ஒரு நொடிகூட எனக்கு விலகத் தோன்றவில்லை. சம்மட்டி எடுத்த கைதான் இதையும் எழுதியது. அவருடைய ஆகச் சிறந்த படைப்பு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், தயக்கமில்லாமல்.

விளையாட்டுத்தனமும் அவரிடம் நிறைய. பீத்தோவன் பிறந்த 200ஆவது ஆண்டான 1970இல் ஒன்பது சிம்ஃபனிகளையும் துண்டு துண்டாக ஒட்டி ஒரே படைப்பாக்கினார். வாத்தியப் பட்டியலில் ஐஸ்கிரீம் வண்டி மணியும் உண்டு. அது எனக்குப் பிடிக்கும்.

டென் ஹாக்கிலிருந்து, தொடங்கியவர்

ராட்டர்டாம் நண்பரே, ‘டி டைட்’ விஷயத்தில் முழுக்க உங்களோடு நிற்கிறேன். சத்தத்தைப் பற்றி மட்டும் ஒன்று. அந்தப் பெண் குரல்களுக்கு மைக் இல்லாவிட்டால் பித்தளை வாத்தியங்களுக்கு மேலே கேட்க ஓப்பராப் பாடகிகளின் பெருங்குரல் வேண்டும். அவர் வேண்டாம் என்றது அந்தக் குரலைத்தான். ஜாஸ் பாடகி, நாட்டார் பாடகி, பழைய தேவாலய இசை பாடுபவர், இவர்களுடைய நேரான குரல் அவருக்கு வேண்டியிருந்தது. மைக் அதற்கு வழிவிட்டது. காது வலித்ததை நான் மறுக்கவில்லை. அரங்குக்கு அரங்கு ஒலிப்பொறியாளர் வைக்கும் அளவு மாறுகிறது, சில இடங்களில் எனக்கும் அதிகமாகத்தான் இருந்தது.

யாரும் ‘ஹோக்கெட்டுஸ்’ பற்றி எழுதவில்லையே! 1976. இங்கே எங்கள் ஊர் ராயல் கன்சர்வேட்டரியில்தான் பிறந்தது. அமெரிக்க மினிமல் இசையைப் பற்றி (சின்னத் துணுக்குகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் பாணி) மாணவர்களோடு ஒரு பாடத்திட்டம் நடத்தினார், அதற்காக எழுதியது. ஐந்து ஐந்து பேராக இரண்டு குழு: பேன் ஃப்ளூட், பியானோ, எலக்ட்ரிக் பியானோ, பேஸ் கிட்டார், காங்கா முரசு. அந்தப் பக்கம் என்ன உண்டோ அதேதான் இந்தப் பக்கமும். மெட்டு ஒன்றுதான், ஆனால் ஒரு அடி இவர்கள், அடுத்த அடி அவர்கள். ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டாம். ஒருத்தி இம்மி பிந்தினால் உலக்கையோடு உலக்கை மோதும். நடுக்கால ஐரோப்பாவில் பாடகர்கள் செய்துவந்த உத்தி இது, அதை அவர் பேஸ் கிட்டாருக்கும் முரசுக்கும் கொண்டுவந்தார். அமெரிக்கர்களின் மினிமல் இசை காதுக்கு இதமாக வழியும். இது முள்ளாகக் குத்தும். பாடத்திட்டம் முடிந்த பிறகும் மாணவர்கள் கலையவில்லை. அதே பெயரில் குழுவாகி 1987 வரை வாசித்தார்கள். ஆண்ட்ரீசனின் அப்போதைய துணைவி ஜானெட் யானிக்கியன் அதில் பேஸ் கிட்டார்.

அவர் இந்தக் கன்சர்வேட்டரியில் ஆசிரியராக இருந்த காலத்தில் பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் டென் ஹாக் வந்தார்கள். மிஷெல் ஃபான் டெர் ஆ, இங்கிலாந்தின் ஸ்டீவ் மார்ட்லண்ட் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். நியூயார்க்கின் ‘பேங் ஆன் எ கேன்’ இசைக் கூட்டத்தாரும் அவரை முன்னோடியாகச் சொல்வார்கள். கன்சர்வேட்டரி இப்போது ஸ்பவ் பகுதியில் ‘அமாரே’ என்ற புதுக் கட்டடத்தில் இருக்கிறது. என் அலுவலகத்துக்குப் பக்கம். மதிய உணவு நேரத்தில் கீழ்த்தளத்தில் மாணவர்கள் ஒத்திகை பார்ப்பதைக் கேட்கப் போவேன். ஒருநாள் இரண்டு தாளக் கருவி மாணவர்கள் எதிரெதிரே நின்று எதையோ மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். ‘ஹோக்கெட்டுஸா?’ என்றேன். தலையாட்டினார்கள், நிறுத்தவில்லை. நிறுத்தினால் இடம் போய்விடுமே.

கடைசிப் படைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘மே’. ஹெர்மன் கோர்ட்டரின் புகழ்பெற்ற டச்சுக் கவிதையின் வரிகள், பாடகர் குழு, பழங்கால வாத்தியங்கள் வாசிக்கும் ‘பதினெட்டாம் நூற்றாண்டு ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற குழு. அந்த ஆர்க்கெஸ்ட்ராவை நிறுவிய நண்பர் ஃபிரான்ஸ் பிரூகனின் நினைவாக எழுதியது. அது 2020 டிசம்பரில் ஒலித்தபோது கொரோனா. அரங்கில் பார்வையாளர் இல்லை. வானொலியில்தான் கேட்டேன். அவருக்கு மறதிநோய் என்பதை பிற்காலத்தில் மணந்த மனைவி, வயலின் கலைஞர் மோனிகா ஜெர்மினோ அதே மாதம் வெளியே சொல்லியிருந்தார். பித்தளையும் எலக்ட்ரிக் கிட்டாரும் இல்லாத ஆண்ட்ரீசன். ஆனால் கார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்பட்ட விதம் அவருடையதுதான். அப்பாவின் தேவாலய இசையும் அதற்குள் கேட்டது. நேரில் பார்க்க வேண்டும் என்று வாதாடுகிற நான் இதை மட்டும் சமையலறை ரேடியோவில் கேட்டு அழுதேன்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் எதிலிருந்து போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரைன்பர்ட் டி லேயு நடத்திய ‘டி ஸ்டாட்’ பதிவும் ‘டி மாட்டேரி’ பதிவும் நன்சச் நிறுவனம் வெளியிட்டவை, இரண்டுமே உத்தமம். சத்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் நண்பர் சொன்ன ‘டி டைட்’டில் தொடங்கட்டும். ‘ஹோக்கெட்டுஸ்’ மட்டும் காணொளியில் பாருங்கள், இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி எடுத்ததாகத் தேடி.

உத்ரெக்ட் தங்கைக்கு ஒரு கேள்வி. ‘ஒர்க்கர்ஸ் யூனிய’னில் அவரவர் ஸ்வரத்தை முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைத்துக்கொண்டீர்களா, இல்லை ஒவ்வொரு முறையும் அப்போதைக்குத் தோன்றியதை வாசித்தீர்களா? எங்கள் அலுவலகத்தில் வாத்தியம் வாசிப்பவர்கள் ஏழெட்டுப் பேர் தேறுகிறார்கள். அடுத்த மாதம் ஒரு ஹால் கிடைக்கும் போல இருக்கிறது.